காற்றுக் குறைந்தாலும் வெடிக்குமோ?

மோட்டார் வண்டி வாங்கியோர் அதனைப் பேணுகின்ற விதத்தைக் கண்டு நான் பலமுறை வியந்ததுண்டு. வண்டி வீடு வந்த அன்றே அதனைக் கோயில் வாசலுக்குக் கொண்டு செல்கின்றனர்; நான்கு சில்லுகளின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்து நசித்து ஓட்டி வருகின்றனர். இருக்கைகளுக்கு உறை தைப்பிக்கின்றனர். ஞாயிறுதோறும் கிணற்றடியில் நிறுத்திக் கழுவித் துடைக்கின்றனர். சிறு கீறல் ஒன்று விழுந்துவிட்டாலோ அன்று அந்த வீட்டிலே ஒருவரும் வாய் திறக்க இயலாது. இத்துணை அன்பு படைத்த ஒருவரை அணுகி, "அண்ணை, உங்கடை ரயருக்கு எத்தினை இறாத்தல் காத்து?" என்று கேட்டுப் பாருங்கள். "அது காத்தடிக்கிற பெடியனுக்குத் தெரியும்" என்பார். பெடியனைக் கேட்டால், "எல்லாத்துக்கும் முப்பதுதான்" என்பான். எலுமிச்சம்பழம் நசித்த அன்று ரயரைக் குனிந்து பார்த்தவர், அடுத்த முறை குனிவது பஞ்சர் ஆன அன்றுதான்.

இதற்காக எம்மவரைக் குறை கூறுவது நீதியாகாது. நாம் சைக்கிளில் வளர்ந்தவர்கள். 1990 களிலே, பெற்றோல் குடாநாட்டுக்கு வாராதிருந்த அந்த ஆண்டுகளில், பழைய மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிறிச்சும் மண்ணெண்ணெயிற் புகை கக்கி ஓடின. ஏனையோரெல்லாரும் சைக்கிளையே மிதித்தோம். சைக்கிளிற் காற்றுக் குறைந்தால் அதனை முதலில் அறிவது மிதிப்பவரின் தொடைதான். பின்னே தங்கையையும் முன்னே அரிசிப் பையையும் ஏற்றிக்கொண்டு எதிர்காற்றில் ஏறி மிதித்தவனுக்கு எவரும் பாடம் சொல்லித் தரவேண்டியதில்லை. இறங்கிப் பெருவிரலால் ஒரு தரம் அமுக்கிப் பார்த்தால் எவ்வளவு குறைவென்று தெரிந்துவிடும். படலையடியில் நின்று நாலு தரம் பம் அடித்தால் காரியம் முடிந்தது. அந்தப் பெருவிரலை நம்பியே நாம் பின்னாளிற் காருக்கு ஏறினோம். காரின் ரயரோ தடித்தது; பெருவிரலுக்கு அது ஒன்றும் சொல்லாது. தொடைக்கும் அங்கு வேலையில்லை. நமக்காக இயந்திரம் இழுத்துக்கொண்டு போகின்றது, அது முறையிடுவதில்லை.

கண்ணாற் பார்த்து அறியலாமே எனச் சிலர் கூறக் கேட்டிருக்கின்றேன். பழைய காலத்து ரயரிலே ஓரளவு அறியலாம். இக்காலத்தில் எல்லாக் கார்களிலும் வருகின்ற ரேடியல் ரயரின் பக்கச்சுவர் மெல்லியது. சரியான காற்று இருக்கும்போதே அடிப்புறம் சற்றுப் பிதுங்கித்தான் நிற்கும். 32 இறாத்தல் உள்ள ரயரையும் 24 இறாத்தல் உள்ள ரயரையும் அருகருகே நிறுத்தி எது எதுவென்று கேட்டால், நெடுங்காலச் சாரதிகளும் தடுமாறுவர். காலால் உதைத்துப் பார்ப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. உதைப்பவருக்கு ஒரு மனநிறைவு, அவ்வளவே.

காரை நிலத்தினின்றும் தாங்கி நிற்பது இறப்பர் என்றே பலர் எண்ணுகின்றனர். இறப்பரும், அதனுள்ளே பின்னிய நூலும், உருக்குக் கம்பியும் சேர்ந்து ஒரு பாத்திரம். அந்தப் பாத்திரத்தில் அடைபட்ட காற்றே சுமை முழுவதையும் தாங்குகின்றது. கணக்கும் எளிது; எட்டாம் வகுப்புப் பிள்ளையும் செய்யலாம். 1,000 கிலோகிராம் எடையுள்ள சிறு கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு சில்லின் மேல் 250 கிலோகிராம்; அஃதாவது ஏறக்குறைய 550 இறாத்தல். ரயருள் ஒரு சதுர அங்குலத்துக்கு 30 இறாத்தல் அமுக்கம் இருப்பின், அச் சுமையைத் தாங்க 18 சதுர அங்குலம் நிலத்தைத் தொடவேண்டும். தபாலட்டை ஒன்றின் பரப்பு ஏறக்குறைய அவ்வளவுதான். குடும்பத்தோடு காரில் ஏறிப் போகின்றோமே, நான்கு தபாலட்டைகளின் மேலேதான் போகின்றோம். பிறேக் பிடிப்பதும், வளைவிலே திரும்புவதும், மாடு குறுக்கே வந்தால் விலத்துவதும் அந்த நான்கு அட்டைகளின் பிடியிலேயே தங்கியுள்ளன. அமுக்கம் 20 இறாத்தலாகக் குறைந்தால் 27 சதுர அங்குலம் நிலத்தைத் தொட்டாக வேண்டும். அதற்காக ரயர் நசிந்து படுக்கின்றது. பக்கச்சுவர் முன்னையிலும் கூடுதலாக மடிகின்றது. அந்த மடிப்பை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளல் வேண்டும்.

காற்றினைச் சில்லுக்குள் அடைக்கும் எண்ணம் பழையது. றொபேட் வில்லியம் தொம்சன் என்னும் ஸ்கொத்லாந்தியர் 1845 ஆம் ஆண்டிலேயே அதற்குக் காப்புரிமை பெற்றார். அக்காலத்திற் சைக்கிளும் இல்லை, மோட்டாரும் இல்லை; ஆகையால் உலகம் அதனை மறந்துவிட்டது. பின்னர் பெல்பாஸ்ற் நகரில் மிருக வைத்தியராயிருந்த ஜோன் பொயிட் டன்லொப், தம் மகனுடைய மூன்று சில்லுச் சைக்கிள் கல்லுத் தெருவிலே குலுங்காதிருக்கும்பொருட்டு 1887 இல் இறப்பர்க் குழாயிற் காற்றடைத்துக் கட்டிக் கொடுத்தார். அடுத்த ஆண்டு காப்புரிமை பெற்றார். 1895 இற் பாரிசிலிருந்து போர்டோவுக்குப் போய்த் திரும்பும் ஓட்டப் போட்டியிலே மிஷெலின் சகோதரர்கள் காற்றடைத்த ரயர் பூட்டிய காரை ஓட்டினர். வழியெல்லாம் பஞ்சர், ஆயினும் போய்த் திரும்பினர். இந்த வரலாற்றில் எமது நாட்டுக்கும் ஒரு பங்குண்டு. ஹென்றி விக்கம் என்பவர் 1876 இற் பிறேசிலிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு சென்ற இறப்பர் விதைகளில் முளைத்த கன்றுகள் அவ்வாண்டே இலங்கைக்கு வந்தன. கம்பகாவிலுள்ள ஹெனறத்கொடைத் தோட்டத்திலே நாட்டப்பட்டன. தென்னாசியாவின் இறப்பர்ச் செய்கை அங்கிருந்தே பரவியது. உலகத்துக்கு ரயர்ப்பால் கொடுத்த மண்ணிலிருந்துகொண்டு நாம் ரயரை ஏறிட்டுப் பாராதிருக்கின்றோம்.

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய சம்பவத்தைச் சொல்கின்றேன்.

2018 ஆம் ஆண்டு ஆடி மாதத்திலே, விஞ்ஞானப் போட்டி ஒன்றுக்காக எமது கல்லூரி மாணவர் பதினொருவரைக் கொழும்புக்கு அழைத்துச் சென்றோம். நானும் இன்னோர் ஆசிரியையும் துணைக்குப் போயிருந்தோம். வாடகைக்கு அமர்த்திய வான். சாரதி ஐம்பது வயது மதிக்கத்தக்கவர். நிதானமானவர், குடிப்பழக்கம் இல்லாதவர், பிள்ளைகளிடம் அன்பாகப் பேசுபவர். போட்டி முடிந்து மறுநாட் காலை புறப்பட்டோம். பிற்பகல் இரண்டு மணியளவில் வவுனியாவை அடைந்தபோது வெயில் அனலாய்க் கொதித்தது. நாங்கள் தேநீர்க் கடைக்குட் போய்விட்டோம். சாரதி வானைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு நின்றார். பின்னர்ப் புறப்பட்டு, புளியங்குளம் தாண்டி, கனகராயன்குளமும் தாண்டி, மாங்குளத்தை நெருங்கும் வேளையிலே பின்புறத்தில் வெடிச்சத்தம் போன்றதோர் ஓசை கேட்டது. வான் இடப்பக்கம் சரிந்து, வலப்பக்கம் இழுத்து, மறுபடியும் இடப்பக்கம் போயிற்று. அம்மாவென்று அலறிய குரல்களுள் ஆசிரியையின் குரலும் ஒன்று. எதிரே பஸ் ஏதும் வரவில்லை. சாரதி பிறேக்கைத் திடீரென மிதியாமற் சுக்கானை இறுகப் பிடித்து, வேகத்தைத் தானாகவே தளரவிட்டு, வீதியோரத்துச் செம்மண்ணிற் கொண்டுவந்து நிறுத்தினார். அந்த மனிதரின் நிதானத்துக்கு நான் என்றும் கடமைப்பட்டவன்.

இடது பின் ரயர் கிழிந்து நார் நாராகத் தொங்கியது. மாணவர்கள் பற்றையோரத்து நிழலில் அமர்ந்திருக்க, மாற்றுச் சில்லைக் கழற்றும்போது சாரதி சொன்னார்: "வவுனியாவிலை தொட்டுப் பாத்தனான் மாஸ்ரர், ரயர் கொதிச்சுப்போய்க் கிடந்தது. காத்துக் கூடி வெடிச்சுப்போடும் எண்டு பயந்து கொஞ்சம் திறந்தும் விட்டனான். அப்பிடியிருந்தும் வெடிச்சுப் போச்சே!"

இதனைக் கேட்டுக்கொண்டிருந்த உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன், "சேர், காத்துக் கூடினால்தானே வெடிக்கும்? அவர் திறந்து விட்டவரெல்லோ. பிறகேன் வெடிச்சது?" என்றான்.

சரியான கேள்வி. நூறு சாரதிகளும் ஆயிரம் பெற்றோரும் மனத்தில் வைத்திருக்கின்ற கேள்வியும் அதுவே. சிறுவர் ஊதும் பலூனைக் கண்டு பழகிய நமக்கு, காற்று மிகுந்தால் வெடிக்கும், குறைந்தால் ஆபத்தில்லை என்னும் எண்ணம் இயல்பாகவே வந்துவிடுகின்றது. காரின் ரயரோ பலூனன்று. குறித்த அமுக்கத்தைப் போல இரு மடங்குக்கு மேலும் தாங்கத்தக்கதாகவே புதிய ரயரை ஆக்குகின்றனர். வெயிலினாலும் ஓட்டத்தினாலும் ஏறுகின்ற நாலைந்து இறாத்தல் அதனை ஒன்றும் செய்யாது. அவ்வேற்றத்தை எதிர்பார்த்தே குளிர்ந்த நிலையில் அடிக்கவேண்டிய அளவைக் குறிக்கின்றனர்.

ரயரைக் கொல்வது மடிப்பு. மேலே நினைவில் வைக்கும்படி கூறியது இதற்காகத்தான். சிறு கார் ஒன்றின் சில்லு ஒருமுறை சுழன்றால் ஏறக்குறைய 1.8 மீற்றர் நகரும். மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்திற் போகும்போது அது நிமிடத்துக்கு எழுநூறு தடவைக்கு மேற் சுழல்கின்றது. ஒவ்வொரு சுழற்சியிலும் பக்கச்சுவரின் ஒவ்வோர் இடமும் நிலத்தருகே வரும்போது ஒருமுறை மடிந்து, மேலெழும்போது நிமிர்கின்றது. மெல்லிய இரும்புக் கம்பி ஒன்றை எடுத்து முன்னும் பின்னும் பத்துத் தரம் வளைத்துவிட்டு அவ்விடத்தை உதட்டில் வைத்துப் பாருங்கள், சுடும். இன்னும் பத்துத் தரம் வளைத்தால் முறியும். இறப்பரும் அவ்வாறே மடிந்து நிமிரும்போது சூடாகின்றது. காற்றுப் போதிய அளவு இருப்பின் மடிப்புச் சிறிது. பிறக்கும் வெப்பம் வெளிக்காற்றோடு போய்விடும். காற்றுக் குறைந்தால் மடிப்புப் பெரிது. வெப்பம் போகுமுன் அடுத்த மடிப்பு வந்துவிடுகின்றது. ஒரு கட்டத்தில் நூலுக்கும் இறப்பருக்கும் உள்ள பிடிப்பு விட்டுப்போகின்றது. அதன்பின் எஞ்சியுள்ள குறைந்த காற்றே அதனைக் கிழித்துக்கொண்டு வெளியேறப் போதுமானது. வெடித்ததென்று நாம் சொல்கின்றோம். உண்மையில் அது உள்ளே வெந்து போனது.

நான் அக்கிழிந்த ரயரின் துண்டொன்றைக் கேட்டு வாங்கி வந்தேன். இன்றும் அது எமது ஆய்வுகூடத்து அலுமாரியில் இருக்கின்றது. அதன் உட்புறத்திலே, பக்கச்சுவரைச் சுற்றி வளையம்போல ஓர் அடையாளம். அவ்வளையத்தோடு ஒட்டிக் கரித்தூள் போன்ற இறப்பர்ப் பொடி. காற்றுக் குறைவாக நெடுந்தூரம் ஓடிய ரயரின் உட்புறம் இவ்வாறே இருக்கும். ஆகவே வவுனியாவிற் திறந்துவிட்ட காற்று மட்டும் காரணமன்று. பல நாட்களாகவே குறைந்த காற்றில் ஓடிய ரயருக்கு அது இறுதி அடி. மறுநாட் காலையில் மற்றப் பின் சில்லை அளந்து பார்த்தோம். கதவோரத்து ஒட்டுத்தாள் சொன்ன அளவிலும் பத்து இறாத்தல் குறைவாயிருந்தது. பழுதில்லாத ரயரும் மாதமொன்றுக்கு ஓர் இறாத்தல் வரையிற் காற்றை இழக்கும். இறப்பரின் ஊடாகவே அது கசிந்துவிடுகின்றது. ஓராண்டு அளவாமல் விட்டாற் பத்து என்பது வியப்புக்குரிய தொகையன்று.

சூடான ரயரிற் காற்றைத் திறந்துவிடுவதனால் நேர்வது யாதென்பதை நான் இப்போது ஆண்டுதோறும் வாயுவிதிகளைப் படிப்பிக்கும்போது கணக்காகவே கொடுக்கின்றேன். காலையில் 27 பாகை செல்சியசில் 30 இறாத்தல் இருந்த ரயர், ஓடி 57 பாகைக்குச் சூடேறினால் அமுக்கம் எவ்வளவு? தனிவெப்பநிலை 300 இலிருந்து 330 ஆகின்றது. பத்திலொரு பங்கு கூடுகின்றது. மாணவரிற் பெரும்பாலோர் உடனே 33 என்று எழுதிவிடுவர். அமுக்கமானி காட்டும் 30, வெளிக்காற்றின் அமுக்கத்துக்கு மேலே உள்ளது என்பதை மறந்துவிடுகின்றனர். வளிமண்டலத்தின் 14.7 ஐயும் கூட்டி 44.7 எனக் கொண்டே கணிக்கவேண்டும். அப்போது விடை 34.5 ஆகும். இப்போது ஒருவர் அதனை 30 க்குக் குறைத்துவிட்டாற் குளிர்ந்தபின் எஞ்சுவது எவ்வளவு? ஏறக்குறைய 26. நல்லெண்ணத்தோடு செய்த காரியம் நாலு இறாத்தலைக் கொண்டுபோய்விடுகின்றது. காற்றுக் குறைய மடிப்புக் கூடும். மடிப்புக் கூடச் சூடு கூடும். சூட்டைக் கண்டு அடுத்த ஊரிலும் இறங்கித் திறந்துவிட்டால் விளைவை நான் சொல்லவேண்டியதில்லை. அளப்பதும் அடிப்பதும் காலையில், வண்டி ஓடத் தொடங்குமுன். பெற்றோல் நிலையத்துக்குப் போய்த்தான் அடிக்கவேண்டுமெனில், ஒன்றிரண்டு கிலோமீற்றருக்குள் உள்ள நிலையமாக இருத்தல் நன்று. வழியிலே சூடான ரயர் குறித்த அளவிலும் குறைவாகக் காட்டினால் உண்மையில் அது இன்னும் குறைவு. அப்போது அடிக்கத்தான் வேண்டும், திறந்துவிடுதல் ஆகாது.

மலைநாட்டுக்குப் போவோருக்கும் இதிலே சுவையான கணக்கொன்று உண்டு. யாழ்ப்பாணத்தில் 30 இறாத்தல் அடித்த கார் நுவரெலியாக் குளிரில் விடிய நிற்கும்போது, குளிரினால் அமுக்கம் குறைகின்றது. ஆனால் 1,868 மீற்றர் உயரத்திலே வெளிக்காற்றின் அமுக்கமும் ஏறக்குறைய 3 இறாத்தல் குறைந்திருப்பதால் அமுக்கமானி கூட்டிக் காட்டுகின்றது. ஒன்றையொன்று ஈடுசெய்து, வாசிப்புப் பெரும்பாலும் மாறாதிருக்கும். மாணவர்கள் செய்து பார்க்கலாம்.

எத்தனை இறாத்தல் என்பதை எங்கே காண்பது? சாரதியின் கதவைத் திறந்தால், கதவின் ஓரத்திலோ தூணிலோ சிறிய ஒட்டுத்தாள் ஒன்று இருக்கும். எமது வீதிகளில் ஓடும் கார்களிற் பல யப்பானிலிருந்து பழையனவாக வந்தவை; ஆகவே அத்தாள் யப்பானிய எழுத்திலே இருக்கும். பயப்பட வேண்டாம், எண்கள் எவருக்கும் எண்களே. 220 என்றோ 230 என்றோ இருப்பது கிலோபஸ்கால் என்னும் அலகு. அதனை 6.9 ஆல் வகுத்தால் இறாத்தல் வரும். 220 என்பது 32 இறாத்தல். முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் வேறுவேறு எண்கள் இருப்பதுமுண்டு. சில வண்டிகளில், ஆட்களும் பொதிகளும் நிறைந்திருக்கும்போது அடிக்கவேண்டிய கூடிய அளவும் தனியே தரப்பட்டிருக்கும். நல்லூர்த் திருவிழாவுக்குக் கொழும்பிலிருந்து குடும்பமும் பெட்டிகளுமாக வருவோர் இந்த இரண்டாவது எண்ணையே பார்க்கவேண்டும். ரயரின் பக்கத்திலே பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்து அதனையே அடிப்போரும் உளர். அது அந்த ரயர் ஏற்கத்தக்க மேலெல்லை தொடர்பானது. ரயர் செய்தவருக்கு உங்கள் கார் எதுவென்று தெரியாது.

மாற்றுச் சில்லை நாம் மறந்தே விடுகின்றோம். மாங்குளத்தடியில் எங்களுக்குக் கிடைத்த மாற்றுச் சில்லும் அரைக் காற்றோடுதான் இருந்தது. ஊர்ந்து ஊர்ந்து முறிகண்டிக்கு வந்து, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, பிள்ளைகளுக்குக் கச்சான் வாங்கிக் கொடுத்து, கிளிநொச்சியில் அடித்துக்கொண்டே வீடு வந்தோம். சில கார்களில் மெலிந்த தற்காலிகச் சில்லொன்று வைத்திருப்பார்கள். அதற்கு மற்றவற்றைப்போல் இரு மடங்கு, பெரும்பாலும் 60 இறாத்தல், வேண்டும்.

பெரிய நாடுகளிலும் இந்தப் பாடம் மலிவாகக் கிடைக்கவில்லை. அமெரிக்காவிலே 2000 ஆம் ஆண்டு ஆவணியில் பயர்ஸ்ரோன் நிறுவனம் 65 இலட்சம் ரயர்களை மீளப் பெற்றது. போர்ட் எக்ஸ்புளோறர் என்னும் உயர்ந்த வண்டிகளிற் பூட்டிய அவை, வெப்பமான மாநிலங்களிலே ஓடும்போது மேற்பட்டை கழன்று, வண்டிகள் உருண்டு, இருநூறுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். ரயரிலே குறை இருந்ததென்பது விசாரணையிற் கண்ட முடிவு. ஆயினும் வண்டிக்கு 26 இறாத்தலே போதுமென்று குறித்திருந்தமை சரியா, 30 வேண்டியிருந்ததா என்று இரு நிறுவனங்களும் ஒன்றையொன்று குற்றஞ்சாட்டின. அவ்வாண்டின் முடிவுக்குமுன் அங்கே சட்டம் ஒன்று வந்தது. அதன் பயனாக 2007 இலிருந்து அந்நாட்டின் எல்லாப் புதிய கார்களிலும் காற்றுக் குறைவை அறிவிக்கும் விளக்கு கட்டாயமாயிற்று. குதிரை இலாடம் போன்ற வடிவுக்குள் ஒரு வியப்புக்குறி. சாரதியின் முன்னே மஞ்சளாய் எரியும். இப்போது நம்மிடையே வரும் புதிய கார்களிலும் அது காணப்படுகின்றது. அது நல்லதுதான். ஆனால் அச்சட்டப்படி, குறித்த அளவில் நாலிலொரு பங்கு குறைந்த பின்னரே விளக்கு எரிந்தாக வேண்டும். 32 க்கு அது 24. வீட்டிலே காய்ச்சல் 104 பாகைக்கு வந்தபின் மட்டும் கூவுகின்ற வெப்பமானியை எவர் நம்பியிருப்பர்?

மழையைப் பற்றியும் சொல்லவேண்டும். மாரி மாதங்களில் வன்னி வீதிகளை அறிந்தோருக்கு அது புதிதன்று. வீதியில் நீர் தேங்கி நிற்கும்போது, வேகமாக வரும் ரயர் நீரைப் பிதுக்கித் தள்ளி நிலத்தைப் பிடிக்கவேண்டும். தள்ளமுடியாத வேகம் வந்ததும் ரயர் நீரின் மேல் மிதக்கும். அப்போது சுக்கானும் பிறேக்கும் பெயருக்குத்தான். 1960 களிலே அமெரிக்காவின் நாசா நிறுவனத்தில் விமான ரயர்களைக்கொண்டு இதனை ஆராய்ந்தவர்கள், மிதக்கத் தொடங்கும் வேகம் அமுக்கத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்ததெனக் கண்டனர். வெட்டுக்கள் தேய்ந்து மழமழத்த ரயருக்கு அவர்களின் கணக்கைப் போட்டால் 30 இறாத்தலில் ஏறக்குறைய 91 கிலோமீற்றர் வேகத்திலும், 20 இறாத்தலில் 75 இலும் மிதப்புத் தொடங்கும். காற்றுக் குறைந்தவர் மழையில் எவ்வளவு முன்னதாகவே மிதக்கத் தொடங்குகின்றார் என்பது இதிலே தெரியும்.

பெற்றோல் மிச்சமாகும் என்பதைப் பெரிதாக விளம்பரப்படுத்துவோர் உளர். அதில் எனக்கு அத்துணை உடன்பாடில்லை. ஓர் இறாத்தல் குறைவுக்கு எரிபொருளில் நூற்றுக்கு 0.2 பங்கு வீண் என்பது அமெரிக்க அரசின் கணக்கு. 2022 இல் வரிசையில் இரவிரவாய்க் காத்துக் கிடந்து, காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று அளந்து வாங்கினோமே, அந்த 20 லீற்றரில் ஆறு இறாத்தற் குறைவு கொண்டுபோனது ஒரு பெரிய தேநீர்க் கோப்பை அளவே. அன்று அதுவும் பெறுமதியுடையதே. எனினும் அதனை எண்ணி 40 இறாத்தல் அடித்து ஓடியவர்களின் ரயர்கள் நடுவே தேய்ந்து, குழி விழுந்த இடத்திலெல்லாம் வண்டி துள்ளி, தபாலட்டையும் சுருங்கிப் போயிற்று. காற்றுக் குறைந்தால் ரயரின் இரு ஓரங்களும் தேயும்; கூடினால் நடு தேயும். பழைய ரயரைத் தடவிப் பார்த்தே உரியவரின் பழக்கத்தைச் சொல்லிவிடலாம். ரயர் இன்று விற்கின்ற விலையில், பெற்றோலிலும் பார்க்க இதுவே பெரிய நட்டம்.

நைதரசன் அடித்தால் இந்தத் தொல்லை இல்லையாமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். நாம் சுவாசிக்கும் காற்றிலே நூற்றுக்கு 78 பங்கு நைதரசன்தான். எஞ்சியதையும் நைதரசனாக்கினாற் கசிவு சிறிது குறையும், ஈரம் இராது, கெடுதல் ஒன்றுமில்லை. பச்சை மூடி போட்டுவிட்டோமென்று அளவாமல் விடுவதுதான் கெடுதல்.

அந்தப் பயணத்தின் பின்பு நான் பேனா அளவிலான அமுக்கமானி ஒன்றை ஆய்வுகூடத்துக்கு வாங்கி வைத்தேன். நிலையங்களில் நிலத்தில் விழுந்தெழும்பும் மானிகளை நம்புவதிலும் இது நன்று. வான் வெடித்தபோது கேள்வி கேட்ட மாணவனே ஒரு யோசனையோடு வந்தான். ஒரு திங்கட்கிழமை காலை, முதற் பாடத்துக்கு முன்னர், மாணவர்கள் கொப்பியும் மானியுமாக ஆசிரியர்களின் வண்டிகள் நிற்கும் மரநிழலுக்குப் போயினர். அயலிலிருந்து வந்த வண்டிகளை முதலிலும், தூரத்திலிருந்து வந்தவற்றைச் சூடு ஆறிய பின்னர் இடைவேளையிலும் அளந்தனர். கதவோரத்து எண்ணைப் பார்த்து ஒரு நிரலிலும், மானியின் எண்ணை மறு நிரலிலும் எழுதினர். இரண்டு நிரலும் ஒத்திருந்த வண்டி ஒன்றே ஒன்று. அது இளைய ஆசிரியை ஒருவருடையது. அவருடைய தந்தையார் முன்னாள் லொறிச் சாரதி. மூத்த ஆசிரியர் ஒருவரின் காரில் ஒரு சில்லு 19 காட்டியது. அவர் முதலில் மானி பழுதென்றார். பின்னர் மாணவர்களைக்கொண்டு மீண்டும் அளப்பித்தார். பின்னர் ஒன்றும் பேசாமற் காரை எடுத்துக்கொண்டு சந்திக் கடைக்குப் போய்வந்தார்.

மாணவர்களிற் சிலர் வீட்டிலும் அளக்கத் தொடங்கினர். முச்சக்கர வண்டி ஓட்டும் ஒருவரின் மகள், தந்தையின் வண்டிக்கு ஞாயிறுதோறும் தானே அளந்து சுவரிற் கரிக்கட்டியால் எழுதி வைத்திருக்கின்றாளாம். அவளுடைய தந்தையார் என்னை வழியிற் கண்டு, "பிள்ளை விடியக் காத்துப் பாக்காமல் என்னை விடுறாள் இல்லை, மாஸ்ரர்" என்று முறையிட்டார். முகத்திலே முறைப்பாட்டின் சாயல் இருக்கவில்லை.

அமுக்கமானி இப்போது ஆய்வுகூடத்தில் இருப்பது அருமை. வெள்ளிக்கிழமை பிற்பகலில் யாராவதோர் ஆசிரியர் கொழும்புப் பயணம் என்று சொல்லி வாங்கிக்கொண்டு போய்விடுகின்றார்; அடுத்த வெள்ளி வரையும் அது திரும்புவதில்லை. வாயுவிதிப் பாடம் வருகின்ற மாதத்தில் அதனைத் தேடிப் பிடிப்பது எனக்கொரு வேலையாயிற்று. இன்னும் ஒன்று வாங்கித் தரும்படி அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கின்றேன்.